படுவான்கரைப் பால் லொறிகளுக்கு வழி போட்ட கணக்கு

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு குளிரூட்டும் தொட்டி இருக்கிறது. கொள்ளளவு 2000 லீற்றர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 19 இடங்களில் காலையில் பால் சேரும். அதை எடுத்துவர பட்டா என்ற சின்ன லொறி இரண்டும் கன்டர் என்ற பெரிய லொறி ஒன்றும் உண்டு. எந்த லொறி எந்த இடங்களுக்கு, எந்த வரிசையில் போவது என்பதைச் சாரதிமாரே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் கோட்டாவில் டீசல் அளந்து கிடைத்த காலத்தில்தான் ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். 2023 இல் அந்தக் கோட்டா போனது, கொப்பி மிஞ்சியது. சங்கத்தின் கணக்கைப் பார்க்கிற நான் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு, வழிகளை ஒழுங்காகக் கணக்குப் போட்டு அமைத்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். மென்பொருள் எல்லாம் இலவசம். ஒரு பழைய மடிகணினி போதும்.

கணிதத்தில் இதற்கு வாகன வழித்தடச் சிக்கல் என்று பெயர். 1959 இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் இதை முதலில் எழுதினார்கள். அவர்கள் எடுத்த உதாரணம், ஒரு களஞ்சியத்திலிருந்து எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் பவுசர்கள். பார்க்கச் சின்னக் கணக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் 19 இடங்களையும் ஒரே லொறி சுற்றுவதற்கே எத்தனை வரிசை இருக்கிறது என்று பார்த்தால் 18 இலக்க எண் வரும். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து நல்லதைத் தெரிவது நடக்காத காரியம்.

சரி, முதல் வேலை நேர அட்டவணை. ஒவ்வோர் இடத்திலிருந்தும் மற்ற ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிடம் என்று தொட்டியையும் சேர்த்து 20க்கு 20 கட்டம். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போனது.

வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு போட்டு அளப்பது எங்கள் ஊரில் செல்லாது. அம்பிளாந்துறையும் குருக்கள்மடமும் வாவியின் இரண்டு கரையில் எதிரெதிரே இருக்கின்றன. கோட்டில் மிகக் கிட்ட. லொறியோ வடக்கே மண்முனைப் பாலத்தாலோ தெற்கே பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்ற வேண்டும். மண்முனையிலும் 2014 இல் பாலம் திறக்கும்வரை மிதவைப் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். ஒரு பட்டா இரவில் குருக்கள்மடத்தில்தான் நிற்கிறது, சாரதியின் வீடு அங்கே. அதனால் இந்தத் தூரம் ஒவ்வொரு நாளும் எங்கள் கணக்குக்குள் வரும்.

வீதி வழியாக நேரம் கணக்கிட ஓஎஸ்ஆர்எம் என்ற இலவச மென்பொருளை எடுத்தேன். யாரும் சேர்ந்து வரையக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு இலங்கை முழுவதுக்கும் ஒரே கோப்பாக ஜியோஃபாப்ரிக் தளத்தில் கிடைக்கிறது. அதை இறக்கி, பதப்படுத்தி, இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கொடுத்தால் முழுக் கட்டத்தையும் ஒரு நொடியில் நிரப்பித் தரும். நிரப்பித் தருவதை அப்படியே நம்பலாமா என்பது வேறு விடயம். அதன் கார் அமைப்பில், அதாவது காருக்கான விதிகளை எழுதிய கோப்பில், வீதியின் வகைக்கு ஒரு வேகம் போட்டிருக்கிறது. வீதியில் வேறு வேக எல்லை குறிக்கப்படாவிட்டால் பெருந்தெருவுக்கு மணிக்கு 85 கிலோமீற்றர். சனநெருக்கமான காத்தான்குடிக்குள்ளால் 85 இல் ஓடிக் காட்ட யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மறுபக்கம், வரைபடத்தில் வயல்பாதை என்று குறிக்கப்பட்ட வழிகளைக் கார் அமைப்பு கணக்கிலேயே எடுக்காது. எங்கள் வாய்க்கால் கட்டு வீதிகள் பல அந்த வகைக்குள்தான் கிடக்கின்றன. முதல் அட்டவணையைச் சாரதி அண்ணனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, வாய்க்கால் கட்டால வந்தா கால் மணித்தியாலம் மிச்சமே, உங்கட படத்தில அது இல்லையா?" என்றார். அமைப்புக் கோப்பைத் திறந்து வயல்பாதைக்கு மணிக்கு 15 கிலோமீற்றர் என்று ஒரு வரி சேர்த்ததும் அந்த வழி வந்துவிட்டது. கிரவல் வீதிக்கு 20 ஆக்கினேன். மிதவைப் பாதை ஓடும் துறைகளை அடியோடு எடுத்துவிட்டேன். தண்ணீரில் போகும் நேரத்தைக் கணக்கிடலாம், கரையில் காத்து நிற்கும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பிறகு ஒவ்வொரு லொறியிலும் ஒரு போனை வைத்துப் போன வழியைப் பதிவு செய்தோம். மென்பொருள் சொன்ன நிமிடத்தையும் உண்மை நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தார், கொங்கிறீட், கிரவல், கட்டு என்று வகைக்கு ஒரு பெருக்கு எண் எடுத்தேன். பால் ஏற்றிய லொறி வெறும் லொறியைவிட மெதுவாக ஓடும் என்பதால் திரும்பி வரும் வழிக்கு வேறு எண். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில் பிரயோசனமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கொள்ளளவு. 40 லீற்றர்க் கானில் பால் நிரம்பினால் பால் மட்டும் ஏறத்தாழ 41 கிலோ, கானும் சேர்ந்தால் 50 கிலோவுக்குக் கிட்ட. பட்டாவுக்கு 14 கான் என்று வைத்தோம், கன்டருக்கு 40. ஆனால் லீற்றரில் கணக்குப் போடக் கூடாது. ஓரிடத்தில் 85 லீற்றர் என்றால் அது 2 கானும் கொஞ்சமும் அல்ல, 3 கான். எருமைப்பால் தயிருக்குப் போவது, அதைப் பசுப்பாலோடு கலக்க மாட்டோம். ஆகவே 30 லீற்றர் பசுப்பாலும் 10 லீற்றர் எருமைப்பாலும் உள்ள இடத்துக்கு இரண்டு கான் வேண்டும். 19 இடத்துக்கும் இப்படிக் கூட்டினால் 52 கான் வந்தது.

கணினியில் போடுவதற்கு முன் கொப்பியிலேயே ஒரு முறை செய்து பார்த்தேன். 1964 இல் கிளார்க், ரைட் என்ற இருவர் வெளியிட்ட சேமிப்பு முறை அது. கிளார்க் இருந்தது மான்செஸ்டரில் ஒரு கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தில் என்று அறிந்தபோது எனக்கு ஒரு சந்தோசம். நம்ம ஆள்!

முறை இப்படித்தான். முதலில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக லொறி போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு இடங்களை ஒரே ஓட்டத்தில் இணைத்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். முதல் இடத்துக்குத் தொட்டியிலிருந்து உள்ள நேரத்தையும் இரண்டாவது இடத்துக்கு உள்ள நேரத்தையும் கூட்டி, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கழித்தால் மிச்சம் வரும். தாந்தாமலைப் பக்கம் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு 50 நிமிடம், மற்றதற்கு 55, இடையே 15. மிச்சம் 90. முனைக்காடும் மகிழடித்தீவும் கிட்டடி. 6, 7, இடையே 4. மிச்சம் 9 மட்டும். எல்லாச் சோடிகளுக்கும் இப்படி எழுதி, பெரிய மிச்சத்திலிருந்து கீழே வந்து, லொறி நிரம்பும்வரை இணைத்துக்கொண்டே போக வேண்டும். தூரத்தில் இருப்பவை தாமாகவே ஒரு கொத்தாகச் சேர்ந்துவிடும். பால் எடுப்பு, தபால், பேக்கரி என்று எதைச் செய்தாலும் இதை ஒரு தடவை கையால் செய்து பாருங்கள். மென்பொருள் பின்னால் ஏன் அப்படி விடை தருகிறது என்று புரியும்.

அப்புறம் கணினி. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற இலவச நிரல் நூலகத்தைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பாவித்தேன். அதற்கு எல்லா எண்ணும் முழு எண்ணாக இருக்க வேண்டும், ஆகவே நிமிடங்களை நொடிகளாக்கிக் கொடுத்தேன். தொடக்க விடைக்குச் சேமிப்பு முறையையே தெரியலாம். அதை மேம்படுத்த வழிகாட்டிய உள்ளகத் தேடல் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு வழியில் இரண்டு துண்டுகளை வெட்டி மாற்றி ஒட்டும், ஓரிடத்தை ஒரு லொறியிலிருந்து எடுத்து மற்றதில் செருகும், ஒரே மாதிரி விடைகளுக்குள் சிக்கிக்கொண்டால் அந்த விடையில் செலவு கூடிய துண்டுகளுக்கு அபராதம் போட்டு வேறு பக்கம் தள்ளும். அரை நிமிடம் ஓட விட்டேன். இதுதான் ஆகச் சிறந்த விடை என்று அது நிரூபித்துத் தராது. ஆனால் இடங்களைப் பிரித்த பின் ஒரு லொறிக்கு ஆறேழு நிறுத்தங்கள்தான். 7 இடத்துக்கு 5040 வரிசைதான் உண்டு. அவ்வளவையும் முழுதாகப் பரிசோதிக்கச் சின்ன நிரல் போதும். ஆக, ஒவ்வொரு லொறியின் வரிசையும் சரிதான் என்பதை நானே உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வந்த விடை டீசலுக்கு நல்லது. பாலுக்கு?

கறந்த பாலைக் குளிரூட்டாமல் வைத்திருக்கக்கூடிய நேரம் எங்கள் வெயிலில் கொஞ்சம். நாலு மணித்தியாலத்துக்குள் குளிருக்குள் போக வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சங்கத்தில் நாங்கள் மூன்று என்று வைத்திருக்கிறோம். ஆகக் குறைந்த தூரம் என்று மட்டும் கேட்டால் கணினி ஒரு பெரிய வளையம் போட்டுத் தருகிறது. வளையத்தை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் டீசல் ஒன்றுதான், ஆனால் பால் லொறியில் கிடக்கும் நேரம் ஒன்றல்ல. சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். கிட்ட உள்ள இடம் தொட்டியிலிருந்து 10 நிமிடம், அங்கே 200 லீற்றர். அங்கிருந்து 25 நிமிடத்தில் நடு இடம், 80 லீற்றர். அதிலிருந்து 20 நிமிடத்தில் கடைசி இடம், 60 லீற்றர். அங்கிருந்து தொட்டிக்குத் திரும்ப 45. கிட்டடியில் தொடங்கினால் 200 லீற்றரும் 90 நிமிடம் லொறியில் ஊர் சுற்றும். லீற்றரையும் நிமிடத்தையும் பெருக்கிக் கூட்டினால் 25,900. தூரத்தில் தொடங்கி வந்தால் 8,100. ஓட்டம் இரண்டிலும் அதே 100 நிமிடம்.

இதை வைத்துத் திசையைத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எல்லாரும் அதே ஐந்தரை மணிக்குக் கறந்தால், கிட்ட உள்ளவரின் பால் லொறியில் கிடக்காமல் வீதியோரத்தில் கிடக்கும். தொட்டிக்குள் விழும் நேரம் ஒன்றேதான். திசை மாற்றியதன் பயன் கிடைக்க வேண்டுமென்றால் கிட்ட உள்ளவர்கள் பிந்திக் கறக்க வேண்டும். வீட்டு வளவில் நாலைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. பட்டியாக வைத்திருப்பவர்கள் வெள்ளெனக் கறந்து மாட்டை மேய விட்டாக வேண்டும், அவர்களைப் போய் "ஏழு மணிக்குக் கறவுங்கோ" என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக எங்கள் பக்கத்தில் பட்டிகள் பெரும்பாலும் தூரத்தில், வளவு மாடுகள் கிட்டடியில்.

இதை மென்பொருளுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது, தேடுபவர்களுக்கு உதவும். ஓஆர்-டூல்ஸில் நேரத்துக்கு ஒரு பரிமாணம், அதாவது வழி நெடுகக் கூடிக்கொண்டு போகும் ஒரு கணக்கு, வைப்போம். அதோடு இரண்டாவதாக 'பால் நேரம்' என்று இன்னொரு பரிமாணம் சேர்த்தேன். அதில் தொட்டியிலிருந்தோ சாரதி வீட்டிலிருந்தோ முதல் இடத்துக்குப் போகும் துண்டுக்கு மட்டும் பூச்சியம், மற்றதெல்லாம் வழமையான நேரம். உச்ச வரம்பு 150 நிமிடம். வெறும் லொறி ஓடும் நேரம் கணக்கில் வராததால், அது தானாகவே முதலில் கடைசி இடத்துக்குப் போய், எடுத்துக்கொண்டு திரும்பும் வழிகளைத் தேடுகிறது. ஓரிடத்தில் லொறி காத்து நின்றால் அந்த நிமிடமும் இதில் சேர வேண்டும், அதை மறக்காமல் எழுதுங்கள்.

முன்னைய திட்டத்தைவிட டீசல் கொஞ்சம் கூடியது. நிர்வாகக் குழுவில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். புளித்துப் போய்த் திருப்பி அனுப்பும் ஒரு கானின் பெறுமதியையும் கூடுதல் டீசலின் விலையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

நிறுத்தங்களில் போகும் நேரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எட்டுப் பேர் பால் கொண்டுவரும் இடத்தில், ஒவ்வொருவரின் பாலுக்கும் அடர்த்தி பார்க்கும் லக்டோமீட்டர் விட்டு, அளந்து, கொப்பியில் எழுத ஆளுக்கு ஒன்றரை நிமிடம். 12 ஆயிற்று. ஏற்றி இறக்க 3. ஆக 15. ஏழு நிறுத்தம் என்றால் 105 நிமிடம் லொறி சும்மா நிற்கிறது. ஓடும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஒவ்வோர் இடத்திலும் பால் கொண்டுவருபவர்களிலேயே ஒருவருக்கு லக்டோமீட்டர் கொடுத்து, லொறி வருவதற்கு முன் சோதித்து எழுதி வைக்கச் சொன்னோம். கறந்த சூட்டோடு லக்டோமீட்டர் விட்டால் அளவு குறைத்துக் காட்டும், அதற்குச் சற்று ஆற வேண்டும். லொறி வரும்வரை காத்திருக்கும் நேரம் அதற்குச் சரியாகப் போயிற்று. தொட்டியடியில் மாதிரி எடுத்து மீண்டும் பார்ப்போம். நிறுத்தம் 5 நிமிடமாகக் குறைந்தது. உண்மையைச் சொன்னால், வழியை மாற்றி ஆக நீண்ட ஓட்டத்தில் மிச்சம் பிடித்ததைவிட இதில் மிச்சம் பிடித்தது கூட. வழித்தட மென்பொருள் வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஒரு மணிக்கூட்டோடு லொறியில் ஏறி உட்காருவது நல்லது.

சாரதிமார் சொல்லி நுழைந்த கட்டுப்பாடுகள் தனி. ஓரிடத்தைக் கன்டருக்குக் கொடுத்திருந்தது கணினி. "அந்தச் சந்தியில கன்டர் கிறுகாது தம்பி, பின்னாலதான் எடுக்கணும்" என்றார் அண்ணன். அந்த இடத்துக்குப் பட்டா மட்டும் என்று பூட்டினேன். காட்டோரத்து இடங்களுக்கு விடியும்முன் லொறி போகக் கூடாது, யானை நிற்கும். அங்கே 6 மணிக்கு முன் வருகை இல்லை. இதற்குத்தான் நேரச் சாளரம் என்ற வசதி. யானைக்குக் கடும் சாளரம், ஒரு நிமிடம் முந்தினாலும் விடையைத் தள்ளிவிடும். பாடசாலை தொடங்கும் நேரம் போன்றவற்றுக்கு மென் சாளரம், மீறினால் கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதான்.

மாரியில் எல்லாம் மாறும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கினால் தாழ்ந்த வீதிகள் தண்ணீருக்குள். முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்கு வடிந்தால்தான் சில இடங்களுக்குத் திரும்பவும் போகலாம். இதற்காக மூன்று அட்டவணை வைத்திருக்கிறேன்: கோடை, மழை, வெள்ளம். வெள்ள அட்டவணையில் மூடிய துண்டுகளுக்கு 9999 என்று போட்டிருக்கிறேன். பெரும்போகம் தொடங்கினால் வயலைக் காக்க மாடுகளும் இடம் மாறும், பெரிய பட்டிகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்தரைப் பக்கம் கொண்டுபோவார்கள். அப்போது பால் சேரும் இடமே வேறு. பாடப் புத்தகக் கணக்குகளில் வாடிக்கையாளர் ஓரிடத்தில் அசையாமல் இருப்பார், எங்கள் வாடிக்கையாளர் நாலு காலில் நடந்து போய்விடுகிறார்.

வெள்ள நாளில் எல்லா இடத்துக்கும் போக முடியாதபோது எதை விடுவது? இங்கேதான் நான் அதிகம் யோசித்தேன். ஓரிடத்தை விட்டால் இவ்வளவு அபராதம் என்று மென்பொருளில் எழுதலாம். அபராதம் லீற்றரைப் பொறுத்தது என்று கொடுத்தால், கணக்கு சுத்தமாக வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் விடுபடுவது அதே தூரத்து இருபது லீற்றர்க்காரர்தான். கணினியைக் குறை சொல்ல முடியாது, நாம் சொன்னதைத்தான் அது செய்கிறது. குழுவில் கதைத்து எல்லா இடத்துக்கும் ஒரே அபராதம் என்று வைத்தோம். போன முறை விடுபட்ட இடத்துக்கு அடுத்த முறை இரண்டு மடங்கு. விடுபட்ட இடத்துக்கு முடிந்தால் உழவு இயந்திரம் போகும், கூலி சங்கத்தின் கணக்கில்.

இப்போது நடப்பது: மாலையில் ஒவ்வோர் இடத்திலிருந்தும் மறுநாள் எத்தனை கான் என்று வட்ஸ்அப்பில் எண் வரும். நான் அட்டவணையைத் தெரிந்து நிரலை ஓட விடுவேன். மூன்று லொறிக்கும் மூன்று பட்டியல், இடத்துக்கு நேரே வரும் நேரம் எழுதியிருக்கும். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் கிட்டடி ஆட்கள் கறக்கிறார்கள், ஆகவே அதை நாளுக்கு நாள் தாறுமாறாக மாற்றக் கூடாது. ஓரிடத்தின் நேரம் நேற்றையதைவிட 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் செலவு என்று ஒரு வரி பிறகு சேர்த்தேன். பட்டியல் கொஞ்சம் மோசமானாலும் ஆட்கள் பழகிக்கொள்கிறார்கள். கரண்ட் போய்த் தொட்டி குளிராத நாளுக்கு, மண்முனைப் பாலத்தைத் தாண்டி வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பால் எடுக்கும் ஓரிடத்தை மாற்றுத் தொட்டியாக வைத்து இன்னொரு பட்டியலும் தயார்.

தீராதது ஒன்று இருக்கிறது: வெறும் கான்கள். கழுவிய கான்களைக் காலையில் லொறியிலேயே திருப்பிக் கொடுக்கிறோம். கடைசி இடத்திலிருந்து தொடங்குவதால் கிட்டடி ஆட்களுக்குக் கான் பிந்தித்தான் கிடைக்கிறது, அவர்கள் அதுவரை வீட்டு வாளியில் பாலை வைத்திருக்கிறார்கள். போகும் வழியில் நின்று வெறும் கானை மட்டும் இறக்கிவிட்டுப் போனால் சரி. அப்படியென்றால் ஒரே இடத்துக்கு ஒரே லொறி இரண்டு முறை, முதலில் இறக்க, பிறகு ஏற்ற. இறக்குவதும் ஏற்றுவதும் சேர்ந்த கணக்காக நிரலைத் திருப்பி எழுத வேண்டும். அதுவரைக்கும், கிட்டடி ஆட்களுக்கு முதல் நாள் பின்னேரமே கான் கொடுக்க ஒரு முச்சக்கரவண்டியைப் பேசியிருக்கிறோம்.